மேனேஜர் "நீயே எழுதிக் கொடு" என்கிறார்: எம்பிஏ பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு சந்தேகம்

வெள்ளைத்தாள் எழுதியது:

வணக்கம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. சரக்குத் திட்டமிடல் குழுவில் இருக்கிறேன். இந்த வருடம் முதல் ரவுண்டிலேயே இரண்டு எம்பிஏ பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். செப்டம்பர் ஆரம்பத்தில் கடைசித் தேதி. ஜிமேட் நுழைவுத் தேர்வு முடிந்தது, கட்டுரைகள் பாதி ஆகிவிட்டன. மாட்டிக்கொண்டது பரிந்துரைக் கடிதத்தில்தான்.

நேற்று மேனேஜரிடம் கேட்டேன். நல்ல மனிதர், இரண்டு வருடமாக அவரிடம்தான் வேலை. "தாராளமா பண்ணலாம். ஆனா எனக்கு நேரமே இல்லப்பா. நீயே எழுதி அனுப்பு, படிச்சுப் பார்த்துட்டு பள்ளி தளத்துல ஏத்திடறேன்" என்றார். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

இரண்டாவது கடிதத்துக்கு எங்கள் வைஸ் பிரசிடென்டைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். நான் விண்ணப்பிக்கும் பள்ளியிலேயே படித்தவர். நேரில் மூன்று முறை பேசியிருக்கிறேன். அவர் பெயருக்கு அங்கே மதிப்பு இருக்கும் அல்லவா?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மாவந்தவன் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். எழுதிக் கொடுங்கள், அவர் நாலு வார்த்தை மாற்றட்டும், முடிந்தது கதை. உங்களைப் பற்றி உங்களை விட நன்றாக யாருக்குத் தெரியும்?

பழையமாணவி எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒழுக்கப் பாடம் நடத்த வரவில்லை, முதலில் விதியைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: பரிந்துரைப்பவரே கேட்டாலும் உங்கள் கடிதத்தை நீங்கள் வரையக் கூடாது. மற்ற பள்ளிகளும் பரிந்துரைப்பவர் தன் கையால் எழுதியது என்ற நம்பிக்கையில்தான் படிக்கின்றன. இடம் கிடைத்த பிறகும் சில பள்ளிகள் பின்னணிச் சரிபார்ப்பு வைக்கின்றன, பரிந்துரைத்தவரையே கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு. எழுதாத கடிதத்தைப் பற்றி அவர் என்ன பேசுவார்?

விதியை விடுங்கள். நடைமுறையிலும் அது ஓட்டைப் பாத்திரம். உங்கள் கட்டுரைகளைப் படித்த அதே ஆள், அடுத்த பக்கத்தில் உங்கள் கடிதத்தைப் படிக்கிறார். ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒரு நடை உண்டு. எனக்கு "உண்மையில்" என்று தொடங்கும் பழக்கம், என் தோழிக்கு எல்லாவற்றையும் மும்மூன்றாக அடுக்கும் பழக்கம். கட்டுரையிலும் இரண்டு கடிதங்களிலும் ஒரே நடை தெரிந்தால், வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் படிப்பவருக்கு மூக்கு வேர்க்காதா? மூன்றையும் ஒரே ஏஐ கருவியில் போட்டு மெருகேற்றினாலும் இதே கதிதான்.

"என்னை விட யாருக்குத் தெரியும்" என்கிறார் சும்மாவந்தவன். தெரியாதது ஒன்று இருக்கிறது நண்பரே. நிறைய பள்ளிகள் இப்போது ஜிமேக்கின் பொதுப் பரிந்துரைப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. (ஜிமேட் தேர்வை நடத்துகிற அதே அமைப்பு.) அதில் முதலில் விண்ணப்பதாரரோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று 50 வார்த்தையில் சொல்ல வேண்டும். அடுத்தது, இதே மாதிரி பொறுப்பில் இருக்கும் மற்ற திறமைசாலிகளோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, உதாரணத்தோடு சொல்லுங்கள் என்ற கேள்வி. அதற்கடுத்து, இவருக்கு நீங்கள் கொடுத்த மிக முக்கியமான திருத்த ஆலோசனை எது, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது. இந்த இரண்டுக்கும் தலா 500 வார்த்தை வரை எழுதலாம். வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் கடைசியில் இடம் உண்டு.

ஒப்பிடும் கேள்வியைப் பாருங்கள். உங்கள் மேனேஜர் இதுவரை எத்தனை பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறார், அவர்களில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், அவர் மனதில் உங்களுக்கு முன்னால் யார் இருக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? கற்பனையாகத்தான் எழுதுவீர்கள்.

கோப்புக்காரர் எழுதியது:

நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். இதுவரை பதினைந்து கடிதமாவது எழுதியிருப்பேன், அதனால் மேனேஜர் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

"நீயே எழுதிக் கொடு" என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். சோம்பேறித்தனம் பாதிக் காரணம். மீதிப் பாதி பயம். படிவத்தைத் திறந்தால் வெறும் பெட்டி, கீழே 500 வார்த்தை என்று இருக்கும். இந்தப் பையன் நல்லவன் என்று தெரியும், ஏன் நல்லவன் என்று ஒரு சம்பவம்கூட அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது. இரண்டு வருடத்தில் எத்தனை கூட்டம், எத்தனை மின்னஞ்சல், எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நல்ல அபிப்பிராயம் மட்டும் தங்கியிருக்கும்.

ஆகவே வெள்ளைத்தாள், உங்கள் மேனேஜருக்குத் தேவை ஞாபகம். கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள், ஞாபகப் பட்டியல் கொடுங்கள். இரண்டு பக்கம் போதும். நாம் சேர்ந்து செய்த வேலைகள், எந்த மாதம், அதில் என் பங்கு என்ன, நீங்கள் அப்போது என்ன சொன்னீர்கள். வாக்கியமாகக் கோக்க வேண்டாம், குறிப்பாகவே இருக்கட்டும். அதோடு நான் ஏன் எம்பிஏ போகிறேன், எந்தப் பள்ளி, ஏன் அந்தப் பள்ளி என்று ஒரு பத்தி. பழைய வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கைகள் இருந்தால் இணையுங்கள். அவரே எழுதியதுதானே அது!

அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசக் கேளுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். பேச்சில்தான் அவருக்கு நீங்கள் எழுதாதது ஞாபகம் வரும்.

என் முதல் கடிதத்தில் நான் எழுதியது தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "இவர் கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து செயல்படுபவர். தலைமைப் பண்பு மிக்கவர். இவரை எவ்விதத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைக்கிறேன்." அந்த நான்கு வரியில் பெயரை மாற்றினால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அந்தப் பையனுக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. என் கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. உதவவில்லை என்று சொல்ல முடியும்.

சில வருடம் கழித்து வேறொரு பெண்ணுக்கு எழுதினேன்: "எங்களிடம் மாதக் கடைசியில் மூன்று கிடங்குகளின் இருப்புக் கணக்கு எப்போதும் ஒத்துப்போகாது. நான் உட்பட எல்லோரும் எண்ணைச் சரிக்கட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். இவர் ஒரு சனிக்கிழமை கிடங்குக்கே போய் நாள் முழுக்க நின்று, திரும்பி வரும் சரக்கை இரண்டு இடத்தில் பதிவு செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்தார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் பத்து வருடமாகப் பார்த்த பிரச்சினை அது." இதில் 'முன்முயற்சி' என்ற சொல் எங்கேயும் இல்லை, பார்த்தீர்களா?

இன்னொன்று. அந்தப் பொதுப் படிவத்தில் எழுத்து மட்டும் இல்லை, குணங்களுக்கு மதிப்பிடும் கட்டமும் உண்டு. முன்முயற்சி, பிறரை இணங்கவைப்பது, தன்னை அறிவது, தாக்குப்பிடிப்பது என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் படிப்படியாக நடத்தை விவரித்திருப்பார்கள், எது பொருந்துகிறதோ அதைக் குறிக்க வேண்டும். எல்லாவற்றிலும் உச்சப் படியைக் குறித்துவிட்டுப் போகிற மேனேஜர்கள் நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். எழுத்தில் "தன் குறை தனக்குத் தெரிவதில்லை" என்று சொல்லிவிட்டு, கட்டத்தில் தன்னை அறிவதற்கு உச்சப் படியைக் குறித்தால் எதை நம்புவது?

சும்மாவந்தவன் எழுதியது:

சரி, ஞாபகப் பட்டியலுக்கும் கடிதத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டையும் எழுதுவது நான்தானே. அவர் அதை அப்படியே வெட்டி ஒட்டினால்?

கோப்புக்காரர் எழுதியது:

நியாயமான கேள்வி. அதனால்தான் குறிப்பாக எழுதச் சொன்னேன். "மார்ச், சப்ளையர் தாமதம், மாற்று வழி, உங்கள் கேள்வி: யாரிடம் கேட்டாய்?" என்று இருந்தால் ஒட்ட முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். அழகான பத்தியாகக் கொடுத்தால் நானே ஒட்டிவிடுவேன், பொய் சொல்ல மாட்டேன்.

பழையமாணவி எழுதியது:

வைஸ் பிரசிடென்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வேண்டாம்.

மூன்று முறை பேசியவர் திருத்த ஆலோசனைக் கேள்விக்கு என்ன எழுதுவார்? நான் விண்ணப்பித்த வருடம் என்னோடு தயாரான ஒருவர், தன் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியிடமே வாங்கினார். அதை வாங்கியதே பெரிய சாதனை என்று எங்களுக்கெல்லாம் பொறாமை. பிறகு அந்த நிர்வாகியின் உதவியாளர் வாயிலாகத் தெரிந்தது, கடிதம் மொத்தம் ஆறு வரி. அதில் இரண்டு வரி நிறுவனத்தைப் பற்றி.

பெரிய பதவி சின்னக் கடிதத்தைக் காப்பாற்றாது. ஸ்டான்ஃபோர்டு கேட்பது இரண்டு கடிதம்: ஒன்று இப்போதைய நேரடி மேலாளரிடம், இன்னொன்று உங்கள் வேலையை மேற்பார்வை செய்த வேறொருவரிடம். ஹார்வர்டும் இரண்டு கேட்கிறது, கேள்விகளும் கிட்டத்தட்ட ஒப்பிடுவதும் திருத்த ஆலோசனையும்தான். எம்ஐடி ஸ்லோன் பள்ளி, நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தையே விண்ணப்பத்தோடு கேட்கிறது, நீங்கள் எங்கே, பரிந்துரைப்பவர் எங்கே என்று அதில் காட்ட வேண்டும். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நான்கு கட்டம் இருந்தால், இவர் உங்கள் வேலையை எப்படிப் பார்த்தார் என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

அந்தப் பள்ளியில் படித்தவர் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. உங்களை நன்றாகத் தெரிந்தவர் முன்னாள் மாணவராகவும் இருந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் அந்த வகுப்பறை எப்படி இருக்கும் என்று தெரிந்து எழுதுவார். முன்னாள் மாணவர் என்பது மட்டுமே தகுதி என்றால் அவரிடம் காபி நேர அரட்டையும் பள்ளியைப் பற்றிய தகவலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் வேண்டாம்.

வெள்ளைத்தாள் எழுதியது:

புரிகிறது, மிக்க நன்றி. இரண்டாவதுக்கு என் பழைய டீம் லீட் இருக்கிறார். இப்போது வேறு நிறுவனத்தில். பதவி பெரிதாக இல்லை, ஆனால் முதல் மூன்று வருடம் அவர்தான் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். அவர் ஆங்கிலம் அவ்வளவு சரளம் இல்லை, அதுதான் யோசனை.

பழையமாணவி எழுதியது:

அவரைத்தான் கேட்க வேண்டும். இலக்கணப் பிழைக்கு யாரும் உங்கள் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள், கடிதம் எழுதியவருக்கா அட்மிஷன்?

நூல்கட்டு எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்பத் தொழிலில் இருக்கிறேன், என் முதலாளி என் அப்பா. அவரிடம் கடிதம் வாங்கினால் சிரிப்பார்களா?

கோப்புக்காரர் எழுதியது:

அப்பா எழுத வேண்டாம். குடும்பத்துக்கு வெளியே உங்கள் வேலையின் விளைவைத் தாங்கியவர் யார்? பெரிய வாடிக்கையாளர், வருடக்கணக்காகச் சரக்கு தரும் சப்ளையர், கணக்குத் தணிக்கையாளர், இதில் ஒருவர் இருப்பார். என்னைக் கேட்டால் சப்ளையர் நல்ல சாட்சி. பணம் வசதியாக இருந்த மாதத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள், நெருக்கடியான மாதத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று இரண்டும் அவருக்குத் தெரியும். விண்ணப்பத்தில் கூடுதல் தகவல் பகுதி இருக்கும், நேரடி மேலாளரிடம் ஏன் வாங்கவில்லை என்று அங்கே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

எண்கணிதம் எழுதியது:

என் பிரச்சினை வேறு. மேனேஜருக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த பதவி உயர்வில் என் பெயர் இருக்காது.

பழையமாணவி எழுதியது:

நிறைய பேருக்கு இருக்கிற கவலைதான், பள்ளிகளுக்கும் இது புதிதில்லை. முன்னாள் மேனேஜர், வேறு துறையில் இருந்து உங்களோடு ஒரு புராஜெக்டை நடத்தியவர், நிறுவனத்தை விட்டுப் போன சீனியர், இவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். காரணத்தை விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஒரே வரி: "நான் விண்ணப்பிப்பது தெரிந்தால் வேலைக்கு ஆபத்து." இதற்குமேல் விளக்கினால் மேனேஜரைப் பற்றிய புகார் மாதிரி ஆகிவிடும்.

சும்மாவந்தவன் எழுதியது:

அந்தத் திருத்த ஆலோசனைக் கேள்விதான் எனக்குப் பிடிபடவில்லை. இடம் கேட்டுப் போகிற இடத்தில் குறையை எழுதச் சொன்னால் எந்த மேனேஜர் எழுதுவார்? "அளவுக்கு மீறி உழைக்கிறார், கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னேன்" என்றுதான் எழுதுவார்கள்.

கோப்புக்காரர் எழுதியது:

எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

குறையைத் தெரிந்துகொள்ளவா அந்தக் கேள்வி? சொன்னதைக் கேட்டு மாறுகிற ஆளா என்பதைத்தான் பார்க்கிறார்கள். எம்பிஏ வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் உங்கள் கருத்தை எல்லோர் முன்னாலும் உடைப்பான். அதைத் தாங்க வேண்டும். ஆகவே கதைக்கு மூன்று பாகமும் வேண்டும்: என்ன நடந்தது, நான் என்ன சொன்னேன், அதற்குப் பிறகு என்ன மாறியது. நான் பார்த்தவரை எல்லோரும் கோட்டை விடுவது மூன்றாவதில். "ஆலோசனையை நல்ல மனதோடு ஏற்றுக்கொண்டார்" என்று முடித்துவிடுவார்கள். ஏற்றுக்கொண்டார் சரி, அடுத்த கூட்டத்தில் என்ன செய்தார்?

நான் ஒரு பையனுக்கு எழுதியது: கூட்டத்தில் மற்றவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சுண்டிப்போய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் கூட்டத்துக்கு ஒரு நோட்டோடு வந்தான். யாராவது பேசும்போது இவனுக்குப் பதில் தோன்றினால் அதில் எழுதிக்கொள்வான், அவர் முடித்த பிறகு அதைப் பார்த்துப் பேசுவான். நாலைந்து மாதத்தில் நோட்டு தேவைப்படவில்லை. இரண்டு நாள் பேசவில்லை என்பதையும் கடிதத்தில் எழுதினேன். அது இல்லாவிட்டால் நோட்டை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எழுதக் கூடாத குறையும் உண்டு. நேர்மை, பணம், பிறரை அவமதிப்பது போன்றவற்றில் குறை இருந்தால், உங்கள் மேனேஜர் கடிதம் தர மறுப்பதுதான் உங்களுக்கு அவர் செய்யும் உதவி.

மழைக்காகிதம் எழுதியது:

பெண்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2016ல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. புவியறிவியல் துறையில் ஆராய்ச்சி வேலைக்காக 54 நாடுகளில் இருந்து வந்த 1,224 பரிந்துரைக் கடிதங்களைப் படித்துப் பார்த்தார்கள். 'மிகச் சிறந்தது' என்று சொல்லத்தக்க கடிதம் கிடைக்கும் வாய்ப்பு பெண்களுக்கு, ஆண்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். எழுதியவர் ஆணா பெண்ணா என்பதால் இது மாறவில்லை. எம்பிஏ கடிதங்கள் பற்றிய ஆய்வு இல்லை இது, ஆனாலும் என் கடிதத்தைப் படிக்க நேர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மேனேஜர் பாசமாகத்தான் எழுதியிருந்தார். "எல்லோருக்கும் உதவுவார், பொறுப்பானவர், இனிமையானவர்." நான் நடத்திய புராஜெக்ட் அதில் இல்லவே இல்லை!

அதனால் ஞாபகப் பட்டியலில் நீங்கள் எடுத்த முடிவுகளை எழுதுங்கள், செய்த உதவிகளை அவரே எழுதுவார். "நான் வேண்டாம் என்று சொன்னேன், பிறகு அதுதான் சரியாக இருந்தது" என்று ஒன்றாவது இருக்கட்டும்.

எண்கணிதம் எழுதியது:

கடிதத்தைப் படிக்க நேர்ந்தது என்கிறீர்களே, படிக்கலாமா? எனக்கு அமெரிக்கப் பள்ளியின் விண்ணப்பத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு பெட்டி வந்தது.

பழையமாணவி எழுதியது:

அமெரிக்காவில் 1974ல் வந்த ஃபெர்பா என்ற சட்டம் அது. மாணவராகச் சேர்ந்த பிறகு தன் கோப்பைப் பார்க்கும் உரிமை அதில் இருக்கிறது. கடிதத்தைப் பார்க்க மாட்டேன் என்று அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பதுதான் வழக்கம், நானும் அப்படித்தான் குறித்தேன். எழுதுபவர் மனம் திறந்து எழுதுவார், படிப்பவரும் அப்படி நம்புவார். இடமே கிடைக்காத பள்ளியில் அந்த உரிமையால் பயனும் இல்லை. மழைக்காகிதத்தின் மேனேஜர் தானாகக் காட்டினார் போல, அது வேறு விஷயம்.

பொடி விஷயங்கள் சில, பிறகு மறந்துபோகும். அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள், சொந்த முகவரி என்றால் சந்தேகம் வரும். பள்ளியின் அழைப்பு அஞ்சல் ஸ்பாமில் போய் விழும், அனுப்பிய அன்றே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மைத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தேதியைச் சொல்லுங்கள். இரண்டாவது பள்ளி, மூன்றாவது பள்ளி என்று தவணை முறையில் கேட்காமல் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் ஐந்தாவது பள்ளிக்குக் கேட்டபோது என் மேனேஜர் பெருமூச்சு விட்ட சத்தம் போனில் கேட்டது.

வெள்ளைத்தாள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய டீம் லீட் கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில் ஏற்றிவிட்டார்.

மேனேஜரிடம், "நான் எழுதினால் பள்ளி விதிப்படி தப்பு, ஆனா உங்க நேரத்தை மிச்சப்படுத்தக் குறிப்பு தயார் பண்ணிட்டேன்" என்றேன். கோபப்படுவார் என்று பயந்தேன். "அப்படியா, நல்லதாப் போச்சு, எனக்கு அது தெரியாது" என்றார். இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்தேன். பதினொரு சம்பவம். எல்லாமே நான் ஜெயித்தவை, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு சம்பவத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சென்ற வருடம் அளவுப் பட்டியலில் ஒரு வரிசையைத் தவறாக இழுத்துவிட்டேன், ஒரு வாடிக்கையாளருக்குப் பாதிச் சரக்குதான் போய்ச் சேர்ந்தது. பதறிப்போய் நானே அவர்களைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். மேனேஜருக்கு அவர்கள் சொல்லித்தான் தெரியும். அன்று வாங்கிய திட்டு வாழ்நாளுக்கும் போதும். "நீ உண்மையைச் சொன்னது சரி. எனக்கு முன்னாடி அவங்களுக்குச் சொன்னது தப்பு. நான் உன் பக்கம் நிற்கணும்னா எனக்கு முதல்ல தெரியணும்" என்றார். அதிலிருந்து எந்தச் சிக்கல் என்றாலும் இரண்டு வரி அவருக்கு முதலில் அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

நேற்று இரவு பத்தரை மணிக்குப் போன் செய்தார். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போல, கீபோர்டு சத்தம் கேட்டது.

"அந்தப் பாதிச் சரக்கு விவகாரம் எந்த மாசம் நடந்துச்சு?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "சார், அது எதுக்கு சார்" என்றேன்.

"நீ கொடுத்த பதினொண்ணுல ஒண்ணுகூட மூணாவது கேள்விக்கு ஆகலைப்பா. மாசத்தைச் சொல்லு."

பிப்ரவரி என்றேன். பதினொன்றே முக்காலுக்குப் பள்ளியிடம் இருந்து அஞ்சல் வந்தது, கடிதம் வந்து சேர்ந்துவிட்டதாம்.

கோப்புக்காரர் எழுதியது:

இனி நன்றி சொல்லி ஒரு அஞ்சல் போடுங்கள். முடிவு டிசம்பரில் வரும், எதுவாக இருந்தாலும் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.